பிழை யாருடையது?

சென்ற கல்வியாண்டில் ஒரு மாலைப்பொழுது. இறுதி வகுப்பு முடிந்து துறையறையைப் பூட்ட முனைந்தபோது, இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவி ஒருவர் வாயிலில் தயங்கி நின்றார். கையில் ஒரு தாள், கண்களில் கலக்கம். உதவித்தொகைக்கு இணையவழியே விண்ணப்பித்ததாகவும், உடன் விண்ணப்பித்த தோழியர்க்குத் தொகை வந்துவிட்டதாகவும், தமக்கு மட்டும் வரவில்லை என்றும் கூறினார். உரிய இடத்தில் கேட்டபோது, விண்ணப்பமே வந்து சேரவில்லை என்று விடை கிடைத்ததாம்.

நாம் கணிப்பொறியில் அவர் பதிவைத் திறந்து பார்த்தோம். பெயர், ஊர், தந்தையார் தொழில், மதிப்பெண், வங்கிக் கணக்கு எண் என அனைத்தும் பிழையின்றி நிரப்பப்பட்டிருந்தன. படிவம் முடியும் இடத்தில் 'சேமி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதன் கீழே நீண்டதோர் உறுதிமொழி. அவ்வுறுதிமொழியையும் கடந்து திரையை மேலும் நகர்த்தினால் 'சமர்ப்பி' என்று மற்றொரு பொத்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. மாணவி முதலாவதை அழுத்தியிருக்கிறார். உடனே பச்சை நிறத்தில், விவரங்கள் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டன என்னும் அறிவிப்புத் தோன்றியிருக்கிறது. பணி முடிந்தது என்று மகிழ்ந்து அவ்வறிவிப்பை அச்சிட்டும் வைத்துக்கொண்டார். அவர் கையில் இருந்த தாள் அதுவே. கடைசி நாள் கடந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன.

அவ்வேளையில் நாம் உரைத்த சொற்கள் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றன. "சேமிப்பதற்கும் சமர்ப்பிப்பதற்கும் வேறுபாடு தெரியாதா அம்மா? தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சொல் கூடவா விளங்கவில்லை?" என்று கேட்டுவிட்டோம். அவர் தலை கவிழ்ந்தார். "தப்பு என்மேலதான் ஐயா" என்று கூறிச் சென்றார். அவருடைய தந்தையார் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை அவரே. அவ்வுதவித்தொகை அவருக்கு ஓராண்டுப் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் ஆகும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். அறிந்திருந்தும் அவ்வாறு பேசினோம்.

மருமகன் கேட்ட கேள்வி

நம் தங்கையின் மகன் பெங்களூருவில் வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். அவருடைய பணி யாது என்பது நம் இல்லத்தில் நெடுநாள் விளங்காத புதிர். விளையாட்டை அவர் எழுதுவதில்லை; படம் வரைவதில்லை; இசையமைப்பதும் இல்லை. பிறர் விளையாடுவதை அருகிலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பதே வேலை என்பார். "சும்மா பார்த்துக்கிட்டு இருக்கிறதுக்கா சம்பளம் கொடுக்கிறாங்க?" என்று நம் உம்மா வியந்து கேட்பார்கள். அப்பணிக்குப் 'பயனர் அனுபவ ஆய்வு' என்று பெயர்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு அவர் வந்திருந்தபோது, உணவுக்குப் பின் பேச்சுவாக்கில் அம்மாணவியின் கதையை உரைத்தோம். இக்காலப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று முடித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"மாமா, அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அப்படி ஆச்சா? வேற யாருக்கும் ஆகலையா?" என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் வகுப்புகளில் விசாரித்தோம். நம் துறையில் மட்டும் இன்னும் மூவர் அதே பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்திருக்கின்றனர். அவர்களுள் இருவரை வீட்டில் மூத்தவர்கள் தக்க வேளையில் காப்பாற்றியிருக்கின்றனர். மூன்றாமவர் தொகையை இழந்தும், வெட்கத்தால் எவரிடமும் கூறாமல் இருந்திருக்கிறார். தொலைபேசியில் இதை மருமகனிடம் தெரிவித்தோம். "ஒரே கல்லுல நாலு பேர் தடுக்கி விழுந்தா, கல்லைத்தானே மாமா பார்க்கணும்? காலை ஏன் குறை சொல்றீங்க?" என்றார்.

அந்த ஒரு வினா நம்மை ஒரு புதிய துறையின் பக்கம் திருப்பியது. விடுமுறைகளில் அவரிடம் கேட்டும், அவர் தந்த நூல்களைப் படித்தும் நாம் அறிந்தவற்றை ஈண்டு மாணாக்கர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

வானூர்தியும் அணுவுலையும்

இத்துறையின் வேர் விளையாட்டில் இல்லை, போரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 வகைக் குண்டுவீச்சு வானூர்திகள் சில, போரில் தப்பி வந்து பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே வயிறு தரையில் மோதி நொறுங்கின. தரையிறங்கியதும் இறக்கையின் மடிப்புகளை மடக்க வேண்டிய விமானி, அதற்கு மாறாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார் என்று கண்டனர். 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர் அவ்வாறு மூடவில்லை. விமானியின் இருக்கையில் அமர்ந்து பார்த்தார். மடிப்புக்குரிய விசையும் சக்கரத்துக்குரிய விசையும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. களைத்த கை இருளில் எதைத் தொடும் என்று யாரால் கூற இயலும்? சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் செய்தார். கை தொட்டதும் எது எதுவென உணர்ந்தது, குழப்பம் தீர்ந்தது. இன்றும் வானூர்திகளில் சக்கரத்துக்குரிய விசையின் குமிழ் சக்கரம் போன்ற வடிவிலேயே அமைக்கப்படுகிறது.

மற்றொரு நிகழ்ச்சி, நம் மாணவியின் பச்சை அறிவிப்பை நமக்கு நினைவூட்டி நடுக்கம் தந்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் விபத்து நேர்ந்தது. அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த அடைப்பான் ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளாமல் சிக்கி நின்றுவிட்டது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலோ, அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் அடைப்பான் மூடிவிட்டது என்றே பணியாளர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு, மூடுமாறு ஆணை அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே காட்டுவது. மூடியதா என்பதைக் காட்டுவது அன்று. அதே வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒருங்கே எழுந்து அவர்களைத் திகைக்க வைத்தன. அங்கே ஒரு விளக்கு பாதி உண்மையைச் சொன்னது; இங்கே ஒரு பச்சை வரி பாதி உண்மையைச் சொன்னது. இழப்பின் அளவில் மலையும் மடுவும் போன்ற வேறுபாடு உண்டு. இழைத்த தவறு ஒன்றே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த டொனால்டு நார்மன், அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். இழுக்க வேண்டிய கதவை மக்கள் தள்ளுகிறார்கள் என்றால் குற்றம் மக்களுடையது அன்று, தள்ளுமாறு தோற்றம் காட்டும் கைப்பிடியுடையது என்பது அவர்தம் கருத்தின் சாரம். அத்தகைய கதவுகளுக்கு 'நார்மன் கதவு' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1993இல் அவர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, தம் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்னும் தொடரை அமைத்துக்கொண்டார். அத்தொடர் உலகெங்கும் பரவியது.

சொல்லாமற் சொல்லும் கலை

விளையாட்டுக்கு வருவோம். நம் தலைமுறையில் பலருக்கு வீடியோ விளையாட்டு என்றாலே பிள்ளைகளின் பொழுதைக் கெடுக்கும் பொருள் என்னும் எண்ணமே உண்டு. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மருமகன் நம்மைக் கையில் கருவியுடன் அமர்த்தி, 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதற்கட்டத்தை விளையாடச் செய்தார். எந்தக் குறிப்பும் தரவில்லை.

திரையின் இடப்பக்கம் ஒரு சிறு மனிதன் நிற்கிறான். அவனுக்கு வலப்புறம் வெட்டவெளி. எவரும் சொல்லாமலே நம் விரல் அவனை வலப்புறம் நடத்தியது. எதிரே ஓர் உருவம் ஊர்ந்து வந்தது, மோதி மாண்டோம். மறுமுறை அதைத் தாண்டிக் குதித்தோம். மேலே வினாக்குறி இட்ட கட்டி ஒன்று மின்னியது, தலையால் முட்டினோம். உள்ளிருந்து காளான் ஒன்று வெளிப்பட்டது. அதுவும் பகையோ என்று அஞ்சி விலக முயன்றோம். அது வலப்புறம் ஓடிக் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வந்து சேர்ந்தது. தொட்டதும் நம் மனிதன் பெரியவன் ஆனான். ஒரு நிமிடத்திற்குள் நடத்தல், அஞ்சுதல், தாண்டுதல், பெறுதல் ஆகிய நான்கையும் கற்றுவிட்டோம். பாடம் நடத்தியவர் எவரும் கண்ணில் படவில்லை. அதனை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ, தொழில்துறை வடிவமைப்புக் கற்றவர். காளான் திரும்பி வருமாறு அமைத்தது தற்செயல் அன்று என்பதைப் பிற்காலத்தில் அவரே விளக்கியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் உரத்த குரலில் பாடம் சொல்லும் நமக்கு, வாய் திறவாமலே பாடம் சொன்ன அந்த ஒரு நிமிடம் நாணத்தைத் தந்தது.

இத்தகைய செம்மை ஒருவர் அறையில் அமர்ந்து சிந்திப்பதால் மட்டும் வருவதன்று. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டை 1997இல் வெளியிடத் திட்டமிட்டிருந்தது. ஆயினும் மனநிறைவு இன்மையால் பெரும்பகுதியை மீண்டும் செய்து 1998 நவம்பரில் வெளியிட்டது. அவ்வாறு திருத்தும்போது வெளியார் ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் விளையாடச் செய்வார்கள். உருவாக்கியவர்கள் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். ஒரு கட்டுப்பாடு: வாய் திறக்கக் கூடாது. விளையாடுபவர் வழி தெரியாமல் அதே அறையை இருபது நிமிடம் சுற்றி வந்தாலும், 'இதோ கதவு' என்று சொல்லக் கூடாது. விளையாட்டை வாங்கிச் செல்பவர் வீட்டில் அதைச் சொல்வதற்கு அவர்கள் இருக்கப்போவதில்லை அல்லவா? ஓர் அமர்வு முடிந்தால் திருத்த வேண்டியவை நூறு அளவில் சேரும். அத்தகைய அமர்வுகள் இருநூறுக்கும் மேல் நிகழ்ந்தன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் உளவியல் கற்ற ஆய்வாளர்களே இப்பணியை மேற்கொண்டனர். 2007இல் வெளியான 'ஹேலோ 3' என்னும் விளையாட்டுக்காக, ஏறத்தாழ அறுநூறு பேர் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் விளையாடியதை அவர்கள் ஆராய்ந்தார்கள். எவ்விடத்தில் யார் மாண்டார் என்பதைப் புள்ளிகளாக வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் ஓரிடத்தில் அளவின்றி அடர்ந்திருந்தால், ஆங்கே ஏதோ கோளாறு என்று பொருள். ஒரு கட்டத்தில் விளையாடுவோர் வழி தவறி வந்த வழியே திரும்பித் திரும்பி நடந்தனர். 'கவனமாகப் பார்' என்று அவர்களைக் கடியவில்லை. குதித்து இறங்கியபின் மீண்டும் ஏற முடியாதவாறு நிலத்தின் அமைப்பையே சற்று மாற்றினர். மற்றோரிடத்தில் எட்டாத தொலைவில் உள்ள பகைவர்மீது சுட்டுக் குண்டுகளை வீணாக்கினர். பகைவர் எல்லைக்குள் வந்ததும் குறிவட்டம் சிவக்குமாறு செய்தனர். வீண் செலவு குறைந்தது. நம் விண்ணப்பப் படிவத்திற்கும் எவரேனும் இவ்வாறு ஒரு வரைபடம் வரைந்திருந்தால், 'சேமி' என்னும் பொத்தானின்மேல் எத்தனை புள்ளிகள் அடர்ந்திருக்குமோ!

எந்த அருமை நல்லது?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டால் விளையாட்டில் சுவை ஏது? தமிழாசிரியராகிய நமக்கு இவ்வையம் மிகவும் இயல்பானது. சங்கப் பாடலை எளிதாக்கு, எளிதாக்கு என்று சொல்வார்க்கு விடை கூறியே நம் நாள்கள் கழிகின்றன.

மருமகன் தந்த விளக்கம் நமக்கு மிகப் பயன்பட்டது. வலைத்தளத்திற்கு வருபவர் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு செல்ல வருகிறார். அவர் வழியில் தடை எதுவும் இருத்தலாகாது. விளையாட வருபவரோ தடையைத் தேடியே வருகிறார். பெரிய எதிரியை வீழ்த்துவது கடினமாக இருக்கலாம். வாளை உருவும் பொத்தான் எது என்று அறிவது கடினமாக இருத்தலாகாது. முன்னது படைத்தவர் விரும்பி வைத்த அருமை. பின்னது அவர் அறியாமல் நேர்ந்த அருமை. ஆய்வாளரின் பணி பின்னதைக் களைந்து முன்னதைக் காப்பது.

இதை நம் வகுப்பறையில் பொருத்திப் பார்த்தோம். அகப்பாடலில் உள்ளுறை காண மாணவன் திணறினால், அத்திணறல் கல்வி. நாம் அமைத்த வினா இருபொருள்பட நின்று, அதனால் அவன் திணறினால், அது கல்வி அன்று, நம் குற்றம். சென்ற ஆண்டுகளின் விடைத்தாள்களில் நாற்பது பேர் ஒரே வினாவிற்கு ஒரே வகையாகப் பிழைபட எழுதியிருந்ததை நினைவு கூர்ந்தோம். நாற்பது பேரும் படிக்கவில்லை என்று அன்று முடிவு செய்தோம். அவ்வினாவை மீண்டும் எடுத்துப் படித்தபோது, அவர்கள் கொண்ட பொருளும் அதற்குப் பொருந்தவே செய்தது.

நாம் பட்ட பாடு

கேட்டறிந்ததைச் செய்து பார்க்க ஆவல் எழுந்தது. நம் துறைக்கென ஒரு வலைத்தளம் உண்டு. அதன் பக்கங்களுக்குப் பெயரிட்டவர் நாமே. அறிவிப்புகளுக்குத் 'திண்ணை', பாடக்குறிப்புகளுக்கும் பழைய வினாத்தாள்களுக்கும் 'கருவூலம்', ஆசிரியர் விவரங்களுக்குச் 'சான்றோர் அவை', தொடர்புக்குத் 'தூது' என்று இனிய தமிழ்ப் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்திருந்தோம். விழா மேடையில் பாராட்டும் பெற்றோம்.

எத்தனை பேரைக் கொண்டு சோதிப்பது என்று கேட்டோம். ஐவர் போதும் என்றார் மருமகன். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் சராசரியாகக் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிப்படுத்துகிறார். ஐவரானால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஐவரைக் கொண்டு கண்டு, திருத்தி, மீண்டும் வேறு ஐவரைக் கொண்டு காண்பதே சிக்கனமான வழி என்று நீல்சன் 2000இல் எழுதினார். பயன்படுத்துவோர் பல திறத்தினராயின் ஒவ்வொரு திறத்தினரையும் தனியே சோதித்தல் வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே உரைத்தார்.

முதலாண்டு மாணவி ஒருவர், மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், பகுதி ஒன்றில் தமிழ் பயிலும் வணிகவியல் மாணவர் இருவர், அலுவலக உதவியாளர் ஒருவர் என ஐவர் இசைந்தனர். ஒவ்வொருவரிடமும் ஒரே பணியைத் தந்தோம்: சென்ற நவம்பர்ப் பருவத் தேர்வின் தமிழ் வினாத்தாளை எடுத்துக் காட்டுக. மனத்தில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு வேண்டினோம். இம்முறையைக் கணிப்பொறித் துறையில் புகுத்தியவர் ஐபிஎம் நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ், ஆண்டு 1982.

முதலில் வந்த மாணவர் முகப்பைப் பார்த்தார். "கொஸ்டின் பேப்பர்... எங்க இருக்கும்... திண்ணையா?" என்று அழுத்தினார். இல்லை. 'சான்றோர் அவை'க்குச் சென்றார். ஆசிரியர்களின் படங்கள் வந்தன. அவற்றுள் நம் படமும் நம்மை நோக்கிப் புன்னகைத்தது. மீண்டும் முகப்பு. மீண்டும் திண்ணை. 'கருவூலம்' என்னும் சொல்லின்மேல் சுட்டி இரண்டு முறை ஊர்ந்து கடந்தது. நம் வாய் தானே திறந்தது. மருமகன் நம் முழங்கையை அழுத்திப் பிடித்தார். அந்த ஆறு நிமிடங்களைப் போல் நீண்ட ஆறு நிமிடங்களை நாம் தேர்வு மண்டபத்திலும் கண்டதில்லை. இறுதியில் அம்மாணவர் நம் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க ஐயா, எனக்குச் சரியாப் பார்க்கத் தெரியலை" என்றார்.

ஐவரில் இருவரே வினாத்தாளைக் கண்டனர். அவர்களுள் ஒருவர் தேடிக் காணவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அழுத்தியதால் கண்டார். காணாத மூவரும் நம்மிடம் மன்னிப்புக் கேட்டனர். தவறு செய்தவர் நாம். மன்னிப்புக் கேட்டவர் அவர்கள். துறையறை வாயிலில் தலை கவிழ்ந்து நின்ற அம்மாணவியின் குரலும் இதே குரல்தான் என்பது அப்போது நமக்கு விளங்கியது.

அன்றிரவே 'கருவூலம்' என்பதைப் 'பழைய வினாத்தாள்கள்' என்றும் 'பாடக்குறிப்புகள்' என்றும் இரண்டாகப் பிரித்துப் பெயர் மாற்றினோம். மனம் சற்று நொந்தது உண்மையே. ஆயினும் புதிதாக வந்த ஐவரும் ஒரு நிமிடத்திற்குள் வினாத்தாளை எடுத்துவிட்டனர். 'திண்ணை' மட்டும் எஞ்சியது. அதனை எவரும் தவறாகக் கொள்ளவில்லை என்பதால் விட்டுவைத்தோம், ஆசையாலன்று.

அரங்கேற்றமும் பத்துக் குற்றங்களும்

இக்கலை நமக்கு முற்றும் அயலானதா என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நூல் செய்தவன் அதைத் தானே மெச்சிக்கொண்டால் போதாது, அவையின் முன் வைத்தல் வேண்டும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் பாயிரம் உரைக்கிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், நூலுக்குரிய அழகுகள் பத்தும் வகுத்துச் சொல்கிறது. 1994இல் நீல்சன், திரையமைப்பை மதிப்பிடும் நெறிகளை வகுத்தபோது அவையும் பத்தாகவே அமைந்தன. எண் ஒத்தது தற்செயலே. கருத்துச் சில ஒப்பது தற்செயல் அன்று என்று தோன்றுகிறது. மயங்க வைத்தலும் மிகைபடக் கூறலும் ஓலைச்சுவடியிலும் குற்றமே; ஒளித்திரையிலும் குற்றமே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. அரங்கேற்றத்தில் அவையோர் புலவர். வினா எழுப்பினால் நூலாசிரியர் எழுந்து விடையிறுத்து வெல்லலாம். இப்புதிய அரங்கில் அவையோர் எளிய மக்கள். நூலாசிரியர் வாய் திறக்கலாகாது. வென்றாலும் தோற்றாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் எது கடினம் என்று கேட்டால், இரண்டாவதே என்று பட்டறிவால் கூறுவோம்.

இருமுனைக் கத்தி

மக்கள் எங்கே இடறுவர் என்று அறிந்தவன், அவ்விடத்தில் கல்லை அகற்றவும் செய்யலாம். வேண்டுமென்றே கல்லை இடவும் செய்யலாம். மக்களை ஏமாற்றும் இத்தகைய திரையமைப்புகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் என்பார் 'இருண்ட வடிவங்கள்' என்னும் பொருள்பட ஒரு பெயர் இட்டார். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் குழப்பமான பொத்தான் அமைப்பால் விளையாடுவோர் தாம் எண்ணாத பொருள்களை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தருவதற்கான இணக்கம் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பதின்மூன்று வகைகளைப் பெயரிட்டுத் தடைசெய்து நெறிமுறைகளை அறிவித்தது.

அதே அறிவு அருளோடு கூடும்போது நிகழ்வதையும் காண்க. கைகளைப் போதிய அளவு அசைக்க இயலாதோர் விளையாடுவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018இல் ஒரு கருவியை வெளியிட்டது. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், பார்வையும் கேள்வியும் குன்றியோர்க்கு உதவும் அமைப்புகள் அறுபதுக்கும் மேல் இருந்தன. கண் காணாதார் ஒலியைத் துணைக்கொண்டே அதை ஆடி முடித்தனர் என்று மருமகன் சொன்னபோது, நம் உம்மா, "அப்ப நீ சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலை வாப்பா" என்றார்கள்.

எஞ்சி நிற்பது

விண்ணப்பப் படிவத்தின் குறையை விளக்கி, நால்வர் இடறிய விவரத்தையும் இணைத்து உரியவர்களுக்கு மடல் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. நம்மால் இயன்றதைச் செய்தோம். விண்ணப்பக் காலத்தில் துறை வாயிலில் ஒரு மேசை இடப்படுகிறது. மூத்த மாணவர் இருவர் அமர்ந்திருப்பார்கள். ஒப்புகை எண் கைக்கு வரும்வரை எவரையும் எழுந்து போக விடுவதில்லை. இவ்வாண்டு அம்மாணவியின் விண்ணப்பம் உரிய நாளில் சென்று சேர்ந்தது. சென்ற ஆண்டுத் தொகையோ போனது போனதுதான்.

ஒருநாள் அவரைத் துறையறைக்கு அழைத்து, அன்று நாம் பேசியது தவறு என்றும், பிழை அவருடையது அன்று என்றும், மற்ற மூவரின் செய்தியையும் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். "பரவாயில்லைங்க ஐயா. நான்தான் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்திருக்கணும்" என்றார். நாம் எவ்வளவு விளக்கியும் அவர் முகத்தில் அக்குற்றவுணர்வு முழுவதும் அகன்றதாகத் தெரியவில்லை. படிவத்தைத் திருத்துவது ஒரு நாள் வேலை. 'நமக்கு அறிவு போதாது' என்று ஒரு பிள்ளையின் நெஞ்சில் பதிந்துவிட்டதைத் திருத்துவது அத்துணை எளிதன்று.

இம்மலரைப் படிக்கும் மாணாக்கருள் சிலர் நாளை ஆசிரியராவர். சிலர் அலுவலகங்களில் படிவம் அமைப்பர். சிலர் கணிப்பொறித் துறைக்கும் செல்வர். அவர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நீங்கள் செய்ததை ஒருவர் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பாருங்கள். அவர் இடறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பாராயின், அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.